கட்டளை வரியும் கணினி அஞ்சலும்

கட்டளை என்னும் சொல் காஞ்சிபுரத்து மக்களுக்குப் புதியதன்று. இன்ன நாளில் இன்ன பூசை நடைபெற வேண்டும், இத்தனை விளக்கு ஏற்றப்பட வேண்டும், இவ்வளவு அரிசி படைக்கப்பட வேண்டும் என்று ஒருவர் பொருள் வைத்துக் கோயிலில் ஏற்பாடு செய்வாராயின் அதனைக் கட்டளை என்கிறோம். அவ்வேற்பாட்டுக்கு உரியவர் கட்டளைதாரர். நாள், அளவு, பொறுப்பு ஆகிய மூன்றும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்பட்டிருப்பதே நல்ல கட்டளைக்கு இலக்கணம்.

மாணவர்களே, கணினித் துறையிலும் கட்டளை என்ற சொல் வழங்குகிறது. படங்களைத் தொட்டும் சுட்டியை நகர்த்தியும் கணினியை இயக்குவது ஒரு முறை. எழுத்துகளால் ஒரு வரியை எழுதி, 'இதனைச் செய்க' என்று ஏவுவது மற்றொரு முறை. பின்னதைக் கட்டளை வரி முறை என்பர். நீங்கள் நாள்தோறும் கையாள்வது முன்னது. ஆயினும் உங்கள் மின்னஞ்சலைத் தாங்கி நிற்கும் பெரிய கணினிகளைக் காப்போர் இன்றும் பெரும்பாலும் பின்னதையே கையாளுகின்றனர். அம்முறை எவ்வாறு தோன்றியது, நம் நாட்டுக்கு எவ்வாறு வந்தது, தமிழ் எழுத்து அதன் வழியே எவ்வளவு இடர்ப்பட்டுச் சென்றது என்பவற்றை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம். அஞ்சலைப் பெறுவதோடு நின்றுவிடுகிற சமுதாயத்துக்கும், அஞ்சலை நடத்தத் தெரிந்த சமுதாயத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வரலாறு நன்கு காட்டும்.

நான் முசரவாக்கத்தைச் சேர்ந்தவன். பட்டுத் தறிகளின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவன். தறியின் மேல் தொங்கும் துளையிட்ட அட்டைகளை உங்களுள் சிலர் பார்த்திருக்கலாம். துளை உள்ள இடத்தில் பாவு இழை மேலெழும். துளை இல்லாத இடத்தில் எழாது. அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர, அன்னமும் மயிலும் கொடியும் சேலையில் உருவாகின்றன. 1804 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய முறை இது. பொறிக்கு ஆணையிட ஒரு வழி உண்டு என்பதையும், அந்த ஆணையை எழுதிச் சேமித்து வைக்கலாம் என்பதையும் உலகம் தறியிலிருந்தே கற்றது. 1890 ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கணக்கிடப் பயன்படுத்தினார். பின்னர்க் கணினிகளும் அட்டை வழியாகவே ஆணைகளைப் பெற்றன.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங்கணினி நிறுவப்பட்டது. துளை அட்டைக் காலத்தில் ஒரு மாணவர் தம் அட்டைக் கட்டைக் கணினிக் கூடத்தில் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் வேலை முடியாமல் அட்டைகள் திரும்பி வரும். கணினியும் மனிதனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் நிலை அம்முறையில் இல்லை.

அந்நிலையை மாற்றியவற்றுள் முதன்மையானது யூனிக்ஸ் என்னும் இயங்குதளம். 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் அதனைத் தொடங்கினர். அன்று கணினியோடு பேசுவதற்கு இருந்தது தொலைத்தட்டச்சுப் பொறி. அது நொடிக்குப் பத்து எழுத்துகளையே அச்சிடும். ஆதலால் கட்டளைகள் மிகச் சுருங்கின. கோப்புகளின் பட்டியலைக் கேட்க இரண்டு எழுத்து; படியெடுக்க இரண்டு எழுத்து; அழிக்கவும் இரண்டே எழுத்து. நம் இலக்கண நூலார் சூத்திரத்தில் காட்டிய சொற்சிக்கனத்தை இங்கும் காணலாம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: 'அழி' என்னும் கட்டளையைச் சரியாக எழுதினால் அது பொதுவாக 'உறுதியாகவா?' என்று கேட்பதில்லை. எழுதியவர் அறிந்தே எழுதினார் என்று கொண்டு அழித்துவிடும்.

இனி அஞ்சலின் கதைக்கு வருவோம். 1971 ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்பவர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு, வணிகர்கள் விலை குறிக்க எழுதிய '@' என்ற குறியை அவர் தேர்ந்தெடுத்தார். இன்றும் நம் முகவரிகளின் நடுவே நிற்பது அக்குறியே.

பல்வேறு நிறுவனங்களின் கணினிகள் தமக்குள் கடிதங்களை மாற்றிக்கொள்ள ஒரு பொது மரபு வேண்டியிருந்தது. 1982 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஜான் போஸ்டல் அதற்கான விதிகளை வெளியிட்டார். அந்த மரபு எளிய உரையாடல் வடிவில் அமைந்திருப்பது நாம் வியந்து நோக்கத் தக்கது. அனுப்பும் கணினி, பெறும் கணினியின் 25 ஆம் எண் வாயிலைத் தட்டுகிறது. பெறும் கணினி '220' என்று சொல்லி வரவேற்கிறது. அனுப்புவது 'ஹெலோ' என்று முகமன் கூறித் தன் பெயரைச் சொல்கிறது. '250' என்று விடை வருகிறது. 'நன்று' என்பது அதன் பொருள். பிறகு, கடிதம் யாரிடமிருந்து வருகிறது என்று ஒரு வரி. யாருக்குச் செல்கிறது என்று ஒரு வரி. அப்பெயருடையவர் அங்கு இருப்பின் மீண்டும் '250'. இல்லையெனில் '550', அதாவது 'அத்தகைய அஞ்சற்பெட்டி இல்லை'. அதன்பின் 'டேட்டா' என்றதும் '354' என்று விடை வரும். 'கடிதத்தைச் சொல்லுக, முற்றுப்புள்ளி மட்டும் உள்ள வரியால் முடித்திடுக' என்பது அதன் கருத்து. கடிதம் முடிந்ததும் 'குவிட்' என்று விடைபெறுகிறது.

இவ்வுரையாடலை ஒரு மனிதரே விசைப்பலகையில் தட்டி நடத்திக் காட்டலாம் என்பதே இதன் சிறப்பு. அஞ்சல் பழுதுற்ற வேளையில் அதனைக் காப்பவர் செய்வதும் அதுவே. கணினியின் இடத்தில் தாமே நின்று ஒவ்வொரு வரியாகக் கேட்பார். எந்த வரிக்கு மறுப்பு வருகிறதோ அங்கே பழுது என்று தெளிவார். ஒளிவுமறைவு இல்லாத மரபு என்பதால் அதனைக் கற்க எந்தச் செல்வமும் வேண்டியதில்லை. கற்கும் விருப்பம் ஒன்றே போதும். 1983 ஆம் ஆண்டு முதல் பரவிய 'சென்ட்மெயில்' என்னும் மென்பொருள் இவ்வேலையைப் பெரிய அளவில் செய்தது. அதனை எழுதியவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆல்மன்.

நம் நாட்டில் இம்முயற்சி 1986 ஆம் ஆண்டில் 'எர்நெட்' என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பாக உருவெடுத்தது. இந்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியுடன் அதனைத் தொடங்கியது. பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், தில்லியில் மின்னணுவியல் துறை ஆகிய எட்டு இடங்கள் அதில் முதலில் இடம்பெற்றன. பம்பாய் மையத்தை வழிநடத்திய சீனிவாசன் இரமணி இப்பணியின் முன்னோடிகளுள் ஒருவர். 2014 ஆம் ஆண்டில் உலக இணையப் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

அந்நாளில் கணினிகள் எப்பொழுதும் இணைந்திருக்கவில்லை. ஒன்று மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்து, சேர்ந்திருந்த கடிதங்களை ஒப்படைத்துவிட்டுத் தொடர்பைத் துண்டிக்கும். கடிதம் எந்தெந்தக் கணினி வழியே செல்ல வேண்டும் என்பதை எழுதுபவரே, ஒவ்வொரு பெயருக்கும் இடையில் வியப்புக்குறி இட்டு, வரிசையாகக் குறிக்க வேண்டியிருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து தஞ்சைக்குக் கடிதம் எழுதும் ஒருவர், செங்கற்பட்டு, விழுப்புரம், கும்பகோணம் என்று வழியிலுள்ள அஞ்சலகங்களை எல்லாம் உறையின்மேல் எழுதுவது போன்றது அது. பம்பாய் மையத்தில் வெளிநாட்டு அஞ்சலுக்கு வாயிலாக நின்ற கணினியின் பெயர் 'சக்தி'. 1992 ஆம் ஆண்டளவில் எர்நெட்டின் நிறுவனங்கள் நொடிக்கு 9,600 இருமங்கள் செல்லும் தனித் தடங்களால் இணைக்கப்பட்டிருந்தன. இன்று ஒரு கைபேசி ஒரு படத்தை அனுப்பும் வேகத்தோடு ஒப்பிட்டால் அது மாட்டுவண்டி வேகமே. எனினும் அந்த வண்டியைச் செலுத்தப் பழகியவர்களே பின்னர் இந்நாட்டின் இணையத்தை நடத்தும் திறம் பெற்றனர்.

பொதுமக்களுக்கு இணையம் கிட்டியது 1995 ஆம் ஆண்டு ஆகத்து 15 ஆம் நாள். விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் அரசு நிறுவனம் அச்சேவையைத் தொடங்கியது. சென்னை வாடிக்கையாளர்களின் முகவரியில் '@' குறிக்குப் பின் 'ஜியாஸ்எம்டி01' என்று வரும். அதிலுள்ள 'எம்டி' என்னும் ஈரெழுத்து மெட்ராசைக் குறித்தது. 1996 ஆம் ஆண்டில் நகரம் சென்னை என்று பெயர் மாறிய பின்னும் அம்முகவரியில் பழைய பெயரின் அடையாளம் நீடித்தது. மாணவர்களுக்கெனக் குறைந்த கட்டணத்தில் ஒரு கணக்கு வழங்கப்பட்டது. அதில் படங்கள் தோன்றா. எழுத்து மட்டுமே தோன்றும். 'பைன்' என்னும் மென்பொருளில் கடிதம் எழுதுவர். 'லிங்க்ஸ்' என்னும் மென்பொருளில் பக்கங்களைப் படிப்பர். இரண்டும் சேவை நிறுவனத்தின் யூனிக்ஸ் கணினியில் இயங்கின. குறைந்த கட்டணத்துக்காக அக்கணக்கைப் பெற்ற மாணவர், தம்மை அறியாமலே கட்டளை வரிக் கல்வியையும் பெற்றார் எனலாம்.

இனித் தமிழ் எழுத்தின் நிலையைக் காண்போம். இது நம் நெஞ்சுக்கு நெருங்கிய பகுதி. 1982 ஆம் ஆண்டின் அஞ்சல் மரபு, ஒவ்வோர் எழுத்தும் ஏழு இருமங்களில் அடங்கும் என்று கொண்டது. ஓர் இருமம் என்பது 0 அல்லது 1. ஏழு இருமங்களால் 128 குறிகளையே எழுத இயலும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்து 26, சிற்றெழுத்து 26, எண்கள், நிறுத்தக் குறிகள் ஆகியவற்றுக்கு அது போதும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துடைய தமிழுக்கு அதில் இடம் ஏது? எட்டாவது இருமத்தையும் சேர்த்துக்கொண்டால் 256 குறிகள் கிடைக்கும். மேற்பாதியில் தமிழ்க் குறிகளை வைக்கலாம். ஆனால் கடிதம் செல்லும் வழியில் பழைய அஞ்சற்கணினி ஒன்று இருந்தால், எட்டாவது இருமத்தை வெட்டி எறிந்துவிடும். அவ்வாறு வெட்டினால் எண்ணில் 128 குறையும். 225 என்ற எண்ணுடைய தமிழ்க் குறி 97 ஆகி, ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஏ' ஆக மாறிப் போய்ச் சேரும். தாய் தமிழில் எழுதிய மடல் மகனுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடைக்கும்.

இதில் எவருடைய பகையும் இல்லை. விதி வகுத்த அவையில் நம் எழுத்தை அறிந்தவர் எவரும் இல்லை, அவ்வளவே காரணம். ஆயினும் விளைவு பகையின் விளைவையே ஒத்திருந்தது.

அயல்நாடுகளில் வாழ்ந்த தமிழர் இதற்கு வழி கண்டனர். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கல்யாணசுந்தரம் 'மயிலை' என்னும் எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை அமைத்ததால் அது ஏழு இருமப் பாதையிலும் சிதையாமல் சென்றது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' என்னும் மென்பொருளை ஆக்கினார். 1990களின் நடுப்பகுதியில் பாலா பிள்ளை தொடங்கிய 'தமிழ்.நெட்' மடற்குழுவில், பல நாடுகளில் சிதறி வாழ்ந்த தமிழர் தமிழிலேயே மடல் எழுதினர். 1998 ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து உலகுக்கு வழங்கியது. அவர்களுள் பலரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவர்களை இணைத்தது மின்னஞ்சலே.

அஞ்சல் மரபும் திருந்தியது. 1992 ஆம் ஆண்டில் போரன்ஸ்டைன், ஃப்ரீட் ஆகிய இருவர், எவ்வகை எழுத்தையும் ஏழு இருமப் பாதையில் சேதமின்றி அனுப்பும் முறையை வகுத்தனர். அதே ஆண்டில் யூனிக்ஸ் கண்ட கென் தாம்சன், ராப் பைக் என்பவரோடு சேர்ந்து, உலக எழுத்துகள் அனைத்தையும் பழைய கணினிகளும் தாங்கும் வண்ணம் எழுதும் 'யூடிஎஃப்-8' முறையை அமைத்தார். அதில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று எண்மடி வேண்டும். எண்மடி என்பது எட்டு இருமங்களின் தொகுதி. 2010 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறி முறையை ஏற்று ஆணையிட்டது. 2012 ஆம் ஆண்டில் முகவரியையே தமிழ் போன்ற எழுத்துகளில் எழுதுவதற்கான விதியும் வெளிவந்தது. முப்பது ஆண்டுகள் பலர் உழைத்ததால்தான் இன்று நீங்கள் ஒரு நொடியில் தமிழ் மடல் அனுப்புகிறீர்கள்.

அஞ்சலைக் காப்பவரின் பொறுப்பு எத்தகையது என்பதற்கு ஒரு வரலாற்று நிகழ்ச்சி கூறுவேன். 1988 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் ஒரு சிறு நிரலை வலையமைப்பில் ஏவினார். சென்ட்மெயிலில் சோதனைக்கென வைக்கப்பட்டு, பல இடங்களில் மூடாமல் விடப்பட்ட ஒரு கதவு அந்நிரல் நுழைந்த வழிகளுள் ஒன்று. அது தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு பெருகியது. சுமார் 6,000 கணினிகள் நிலைகுலைந்தன என்று அன்று மதிப்பிட்டனர். அம்மாணவர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். கட்டளையைக் கற்றவனிடம் கட்டுப்பாடும் இருத்தல் வேண்டும். கதவைக் காப்பவன் சோதனை முடிந்ததும் அதனைச் சாத்தவும் வேண்டும். இவ்விரு பாடங்களையும் அந்நிகழ்ச்சி ஒருங்கே தந்தது.

இன்று அஞ்சற்கணினி தனிப் பெட்டியாக நிற்பது அருகிவிட்டது. மெய்நிகராக்கம் என்னும் முறையில், ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகள் இயங்குகின்றன. நம் ஊர்ச் சத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் ஒன்று, கிணறு ஒன்று, தங்குவோர் பலர். ஒவ்வொருவரும் தம் அறையைப் பூட்டிக்கொண்டு அதுவே தம் வீடு என்று இருப்பர். அறைகளைப் பகிர்ந்தளிப்பவர் சத்திரத்து மணியக்காரர். கணினித் துறையிலும் தாங்கும் கணினியை விருந்தோம்பி என்றும், உள்ளே இயங்குவனவற்றை விருந்தினர் என்றும் பொருள்படும் சொற்களாலேயே அழைக்கின்றனர். ஐ.பி.எம். நிறுவனம் 1960களில் இதனை ஆராய்ந்து, 1972 ஆம் ஆண்டில் 'விஎம்/370' என்ற பெயரில் வெளியிட்டது. சிறிய கணினிகளுக்கு இம்முறை வந்தது பின்னரே. விஎம்வேர் நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் தோன்றியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 'சென்' 2003 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'கேவிஎம்' 2007 ஆம் ஆண்டில் லினக்சின் உறுப்பாயிற்று.

இவற்றை ஆளும் கட்டளைகளிலும் சொற்பொருள் அறிவது இன்றியமையாதது. 'விர்ஷ்' என்னும் கருவியில் 'ஷட்டவுன்' என்றால், விருந்தினக் கணினி தன் கோப்புகளை மூடிவிட்டு முறையாக உறங்கச் செல்லும். 'டெஸ்ட்ராய்' என்றால் மின்சாரத்தைத் திடீரெனப் பிடுங்கியது போல நின்றுவிடும். அச்சொல்லுக்கு அகராதிப் பொருள் 'அழித்தல்'. ஆனால் இங்கு வட்டு அழிவதில்லை, ஓட்டம் மட்டுமே அறுபடும். அகராதிப் பொருளை நம்பி அஞ்சுவதும் தவறு. அழியாது என்று அறிந்து அலட்சியமாகக் கையாள்வதும் தவறு. எழுதிக்கொண்டிருந்த கடிதம் பாதியில் சிதையக்கூடும். ஒரு விருந்தோம்பிக் கணினி வீழ்ந்தால் அதிலுள்ள விருந்தினர் அனைவரும் வீழ்வர். ஆகவே மாற்றம் செய்யுமுன் படியெடுத்து வேறிடத்தில் வைப்பதும், அப்படியிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று இடையிடையே சோதிப்பதும் காப்பவரின் கடமை.

காப்பவருக்கு உள்ள அதிகாரமும் பெரிது. அவர் நினைத்தால் பிறர் கடிதத்தைப் படிக்கலாம், மறைக்கலாம், அழிக்கலாம். இத்தகைய அதிகாரத்துக்கு வரம்பு எது? எங்கள் காஞ்சி வட்டாரத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது என்று அவை விதிக்கின்றன. பொறுப்பில் இருந்தவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே அவ்விதியின் உயிர். அஞ்சற்கணினியிலும் எக்கடிதம் எப்பொழுது எங்கிருந்து எங்குச் சென்றது, நிருவாகியின் கணக்கில் எவர் எப்பொழுது நுழைந்தார் என்று வரிவரியாகப் பதியும் பதிவேடு உண்டு. அது நிருவாகிக்கும் மேலான சான்று. அதனை ஒருவரே எழுதி, ஒருவரே அழிக்கும் நிலை இருத்தல் ஆகாது. ஆதலால் நல்ல நிறுவனங்கள் அப்பதிவேட்டின் படியை வேறொருவர் பொறுப்பிலுள்ள கணினிக்கு உடனுக்குடன் அனுப்பிவிடுகின்றன.

நம் மாநிலத்தில் இத்துறை வேரூன்றி வருகிறது. தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட், 2007 ஆம் ஆண்டையொட்டித் தன் கணினிகளில் லினக்சைப் புகுத்தியது. அதே 2007 ஆம் ஆண்டில் மேம்பட்ட கணினியியல் வளர்ச்சி மையமாகிய சிடாக், 'பாஸ்' என்னும் இந்திய லினக்சை வெளியிட்டது. 2011 ஆம் ஆண்டு முதல் அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது. முன்னாளில் காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்து இன்று செங்கல்பட்டு மாவட்டமாகிய பகுதியில் தலைமையகம் கொண்டது சோகோ நிறுவனம். மத்திய அரசின் ஏறத்தாழ 12 லட்சம் ஊழியரின் மின்னஞ்சல் அந்நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாற்றப்பட்டதாக 2025 ஆம் ஆண்டில் செய்தி வெளிவந்தது. தொலைபேசியில் அழைத்து அழைத்துக் கடிதம் மாற்றிய நாடு நாற்பது ஆண்டுக்குள் இந்நிலைக்கு வந்துள்ளது.

மாணவர்களே, ஆசிரியனாக இருந்த பழக்கத்தால் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தந்து முடிக்கிறேன். லினக்ஸ் உள்ள கணினி ஒன்றில் முனையம் என்னும் கறுப்புத் திரையைத் திறவுங்கள். 'மேன்' என்று எழுதி, இடம் விட்டு, ஏதேனும் ஒரு கட்டளையின் பெயரை எழுதுங்கள். அக்கட்டளை என்ன செய்யும், எப்பொழுது தீங்கு செய்யும் என்னும் விளக்கம் திரையில் விரியும். நாளுக்கு ஒரு கட்டளை வீதம், படித்த பின்னரே எழுதிப் பாருங்கள். எழுதியதை நாட்குறிப்பில் பதியுங்கள். அவ்விளக்கங்கள் இன்று பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. நீங்கள் தெளிவாகப் புரிந்துகொண்ட ஒரு கட்டளையின் விளக்கத்தையேனும் நல்ல தமிழில் எழுதி, அடுத்த வகுப்பு மாணவருக்குக் கொடுங்கள். விதி வகுக்கும் அவையில் நம் எழுத்தை அறிந்தவர் இல்லாத நிலை மீண்டும் வாராதிருக்க, அப்பணியை இப்படித்தான் தொடங்க வேண்டும்.